அட்டை எச்சில்ல மயக்க மருந்து இருக்கா?

கேள்வி: அட்டை கடிச்சா அது ரத்தம் குடிச்சு முடிச்ச பிறகுதான் நமக்கே தெரியுதுன்றாங்க, எச்சில்ல ஏதோ மயக்க மருந்து இருக்காமே. முட்டி வலிக்குக்கூட அட்டை விடுறாங்களாம். அப்போ அந்த மருந்தை மட்டும் பிரிச்சு மாத்திரையா போட்டுட வேண்டியதுதானே?

பதில்: அந்த மயக்க மருந்து இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே தவிர, இதுதான் அதுன்னு தனியா பிரிச்சு யாரும் காட்டினதில்ல. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் பார்த்து எழுதியே அது உண்மையாயிடுச்சு.

எச்சில்ல நிஜமா கண்டுபிடிச்சது வேற சரக்கு. உடம்புல அடிபட்ட இடத்துல கல்லிக்ரீன்னு ஒரு என்சைம் வேலை செஞ்சு பிராடிகைனின் மாதிரி ஐட்டங்களை உருவாக்கும், அதுங்கதான் நரம்பை சீண்டி வலியை கிளப்புறது, அட்டை எச்சில்ல இருக்கிற ஹிருஸ்டாசின்ற புரோட்டீன் அந்த கல்லிக்ரீனையே தடுத்துடுது. மாஸ்ட் செல்லுன்ற நோய் எதிர்ப்பு செல்லுல இருந்து வர்ற டிரிப்டேஸ்ன்ற என்சைமும் நரம்பை உசுப்பிவிடும், அதை அடக்க அட்டைகிட்ட இன்னொரு புரோட்டீன். வெள்ளை அணுக்கள் கக்குற எலாஸ்டேஸ்ன்ற என்சைமை எக்லின்ற அட்டைப் புரோட்டீன் பார்த்துக்கும். அதாவது நரம்பை மரத்துப்போக வைக்கிறதில்ல, நரம்புக்கு சேதி போறதுக்கு முன்னாடியே வழியில மறிக்கிற வேலை. ஆனா இதெல்லாம் லேப்ல பார்த்தது, முட்டி வலி குறையுறது இதனாலதான்னு இன்னும் நிரூபணம் ஆகல.

முட்டிக்கு ஆதாரம்னா ஜெர்மனியில எஸ்ஸன் நகரத்துல பண்ணி 2003-ல வெளியான ஆய்வை சொல்லலாம். மூட்டுத் தேய்மானம் உள்ள 51 பேர், பாதிப் பேருக்கு ஒரே ஒரு தடவை அட்டை, மீதிப் பேருக்கு வலிக்குத் தடவுற டைக்ளோஃபெனாக் ஜெல். 7-ம் நாள் அட்டைக்காரங்களுக்கு வலி நல்லாவே குறைஞ்சிருந்துச்சு, அதுக்கப்புறம் வலியில பெரிய வித்தியாசம் நிக்கல, இறுக்கமும் நடமாட்டமும் மட்டும் 91 நாள் வரைக்கும் பரவாயில்லாம இருந்துச்சு. எனக்கு இதுல ஒரு சந்தேகம், அட்டை விட்டது நோயாளிக்கு தெரியாம எப்படி மறைக்கிறது? நம்பிக்கையாலயும் கொஞ்சம் வலி குறைஞ்சிருக்கலாமே.

மாத்திரை கதை ஏன் நடக்காதுன்னா இதெல்லாம் புரோட்டீன், முழுங்கினா வயிறே செரிச்சிடும். அட்டை எச்சில்ல ரத்தம் உறையாம தடுக்கிற ஹிருடின்ற புரோட்டீனை ஈஸ்ட்ல தயாரிச்சப்பக்கூட ஊசியாத்தான் கொண்டு வந்தாங்க, அதுவும் வலிக்கு இல்ல.

அதுக்காக குளத்துல பிடிச்ச அட்டையை நீங்களா முட்டியில விட்டுடாதீங்க. அதோட குடல்ல ஏரோமோனாஸ்னு பாக்டீரியா இருக்கும், கடிவாய் சீழ் பிடிச்சுக்கும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க இந்தப் பக்கமே வராதீங்க, சும்மாவே கடிச்ச இடத்துல மணிக்கணக்கா ரத்தம் கசியும்.