டேக் கருவியில் எந்தக் குமிழ் எதற்கு?
வாசகர் கேள்வி–பதில்

எண்களாகப் பதிவான இசையை, ஆம்புக்கு (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவிக்கு) புரியும் மின்னலையாக மாற்றித் தரும் பெட்டிதான் டேக். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'டேக் பழுதாகிவிட்டதா?' என்று கேட்பவை. படித்துப் பார்த்தால் பழுது எதுவும் இல்லை. மெனுவில் ஒரு வரி தவறான இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இவற்றைச் சரிபாருங்கள்.

கேள்வி: புதிய டேக்கை நேராகப் பவர் ஆம்புடன் இணைத்தேன். பாட்டைப் போட்டதும் வீடே அதிர்ந்தது. ரிமோட்டில் எதை அழுத்தியும் சத்தம் குறையவில்லை. மடிக்கணினியில் ஒரு வால்யூம், பாட்டு மென்பொருளில் ஒன்று, டேக்கில் ஒன்று என்று மூன்று இருக்கின்றன. எதை வைத்துக் கூட்டிக் குறைப்பது?
– வாசகர், செந்தூல்

பதில்: உங்கள் டேக் 'ஃபிக்ஸ்டு' நிலையில் இருந்திருக்கிறது. அந்த நிலையில் வால்யூம் குமிழுக்கு வேலையே கிடையாது. முழு மின்னழுத்தமும் அப்படியே வெளியே போகும்: ஆர்சிஏ (சாதாரண வட்ட முனைக் கேபிள்) வழியில் சுமார் 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் கேபிள்) வழியில் சுமார் 4 வோல்ட். பெரும்பாலான பவர் ஆம்புகள் 1 முதல் 2 வோல்ட் கிடைத்தாலே தம்மிடம் உள்ள மொத்தச் சக்தியையும் ஸ்பீக்கரில் கொட்டிவிடும். ஸ்பீக்கர் தப்பியது உங்கள் அதிர்ஷ்டம்.

வால்யூம் குமிழ் உள்ள சாதாரண ஆம்ப் என்றால் டேக் ஃபிக்ஸ்டில் இருக்கட்டும். ஆம்பில் கூட்டிக் குறையுங்கள். குமிழே இல்லாத பவர் ஆம்ப் என்றாலும், உள்ளேயே ஆம்ப் பொருத்திய ஸ்பீக்கர் என்றாலும் டேக் 'வேரியபிள்' நிலையில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் வேறு பெயர் வைக்கிறது. 'லைன்', 'பைபாஸ்', 'டேக் மோட்' என்றால் ஃபிக்ஸ்டு. 'பிரீ', 'பிரீஆம்ப்' என்றால் வேரியபிள்.

மாற்றும்போது ஆம்பின் பிளக்கையே கழற்றிவிடுங்கள். டேக்கை மட்டும் போட்டு, மெனுவில் 'அவுட்புட்' பகுதிக்குப் போய் வேரியபிளைத் தேர்ந்தெடுங்கள். வால்யூமை மைனஸ் 50க்குக் கொண்டுவாருங்கள். 'ஸ்டார்ட்அப் வால்யூம்', 'மேக்ஸ் வால்யூம்' என்ற வரிகள் இருந்தால் முதலாவதை மைனஸ் 50இலும் இரண்டாவதை மைனஸ் 15 அளவிலும் நிறுத்துங்கள். குழந்தை ரிமோட்டைக் கையில் எடுத்தாலும் பயமில்லை. இவ்வளவும் முடிந்த பிறகு ஆம்பைப் போடுங்கள். தினமும் இதே வரிசைதான்: போடும்போது ஆம்ப் கடைசி, அணைக்கும்போது ஆம்ப் முதல்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. திரையில் தெரியும் எண் டெசிபல் கணக்கு என்றால், 0 என்பது மௌனம் அல்ல; அதுதான் உச்சம். மைனஸ் 60 என்பதுதான் மெல்லிய ஒலி. 'சத்தம் வேண்டாம், 0இல் வைப்போம்' என்று திருப்பினால் செந்தூலில் நடந்தது மறுபடி நடக்கும். திரையில் 0 முதல் 100 வரை காட்டும் கருவிகளில் இது நேர்மாறு. எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது மூன்று வால்யூம் பற்றி. மடிக்கணினியில் 100, மென்பொருளில் 100, கூட்டுவதும் குறைப்பதும் ஒரே ஓர் இடத்தில். காரணம் எளிமையானது. ஒலியை 6 டெசிபல் குறைத்தால் மின்னழுத்தம் பாதியாகும். ஒலியைக் குறிக்கும் எண்ணில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கழியும். சிடியில் இருப்பது 16 பிட். டேக்கின் உள்ளே 24 பிட் அல்லது அதற்கும் மேல் இடம் இருப்பதால், குறைந்தது 8 பிட் காலியாகக் கிடக்கிறது. அதாவது டேக்கிலேயே குறைத்தால் 48 டெசிபல் வரை சிடியின் எந்தப் பிட்டும் அறுபடாது. ஆனால் விண்டோஸ் 16 பிட் வெளியீட்டில் நிற்கும்போது அங்கே குறைத்தால் அந்தக் காலி இடம் இல்லை; முதல் 6 டெசிபலிலேயே பாட்டின் அடிமட்ட விவரம் போகத் தொடங்கும். அங்கே குறைத்ததை ஆம்பில் கூட்டி மீட்க முடியாது.

இன்னொரு சிக்கல்: நீங்கள் சாதாரணமாகக் கேட்கும் அளவே மைனஸ் 50, மைனஸ் 55 என்று இருந்தால் ஆம்பின் பெருக்கம் உங்கள் அறைக்கு அதிகம். டேக்கின் வெளியீட்டில் எப்போதும் இருக்கும் மெல்லிய இரைச்சல், டிஜிட்டல் வால்யூமைக் குறைப்பதால் குறையாது. பாட்டு மட்டும் கீழே இறங்கி இரைச்சலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 'கெயின்' அல்லது 'அவுட்புட் லெவல்' என்ற வரி இருந்தால் 'லோ'வுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் கேபிளின் நுனியில் பொருத்தும் 10 டெசிபல் தடுப்பான் இரண்டு வாங்கி, ஆம்ப் பக்கத்தில் மாட்டுங்கள். அதிக விலை கேபிளை விட இந்தச் சிறு துண்டு தரும் பலன் பெரிது.

கேள்வி: சிடியிலிருந்து எடுத்த பாடல்கள் 44.1 கிலோஹெர்ட்ஸ் என்கிறார்கள். என் டேக்கின் திரையோ எந்தப் பாட்டுக்கும் 48 என்றே காட்டுகிறது. மடிக்கணினியில் விண்டோஸ் 11, யுஎஸ்பி இணைப்பு.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: டேக் உண்மையைத்தான் காட்டுகிறது. விண்டோஸ் எல்லா மென்பொருள்களின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, தனக்குச் சொல்லப்பட்ட ஒரே வேகத்தில்தான் (விநாடிக்கு எத்தனை ஆயிரம் மாதிரிகள் என்ற கணக்கு) வெளியே அனுப்பும். அந்த வேகம் உங்கள் கணினியில் 48. அதனால் 44.1 பாட்டு வழியிலேயே 48ஆக மாற்றிக் கணக்கிடப்படுகிறது.

இந்தக் கலவையைத் தாண்டிச் செல்ல வழி உண்டு. டேக் நிறுவனம் தரும் டிரைவரை நிறுவுங்கள். பிறகு, உதாரணமாக, ஃபூபார்2000 மென்பொருளில் 'அவுட்புட்' பக்கத்தைத் திறந்தால் உங்கள் டேக்கின் பெயர் இரண்டு முறை தெரியும். 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற சொல் ஒட்டியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பாட்டு ஓடும்போது திரை 44.1க்கு மாற வேண்டும். மாறாவிட்டால் வேறு ஏதோ மென்பொருள் டேக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. உலாவியை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள். மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற மென்பொருளில் வேகத்தைக் கையால் மாற்றலாம்.

இதனால் கேட்கும் வித்தியாசம் சிறியதுதான். இன்றைய விண்டோஸின் கணக்கீடு மோசமில்லை. உண்மையான லாபம், பாட்டின் நடுவே மின்னஞ்சல் வந்த 'டிங்' சத்தம் ஆம்ப் வழியாக அறைக்குள் குதிக்காது என்பது.

கேள்வி: டிவியிலிருந்து ஆப்டிகல் (ஒளி வழியே ஒலியை அனுப்பும்) கேபிளில் டேக்குக்கு ஒலி எடுக்கிறேன். செய்தி கேட்கிறது, படம் போட்டால் மௌனம். சில நேரம் சில விநாடிக்கு ஒருமுறை ஒலி அறுந்து வருகிறது.
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: இவை இரண்டு தனிப் பிரச்சினைகள். படத்தின் ஒலி டால்பி டிஜிட்டலாக, அதாவது சுருக்கிக் கட்டிய ஒலியாக, வருகிறது. இரண்டு ஸ்பீக்கருக்கான டேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மூட்டையைப் பிரிக்கத் தெரியாது. சில மௌனமாகிவிடும், சில கரகரவென்று இரையும். டிவியின் ஒலி அமைப்பில் 'டிஜிட்டல் அவுட்புட்' என்பதை 'ஆட்டோ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' நிலையிலிருந்து 'பிசிஎம்' (சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலி) ஆக்குங்கள். டிவியில் இணைந்த பெட்டிக்குள்ளும் அதே வரி இருக்கும், அங்கேயும் மாற்றுங்கள்.

அறுந்து வருவதற்கு முதலில் கேபிளைப் பாருங்கள். புதிய கேபிளின் நுனியில் நகக்கண் அளவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அது கண்ணில் படாததால் அப்படியே அழுத்திச் செருகியவர்கள் பலர். சில இடங்களில் அரைகுறையாக ஒலியும் வரும், அதனால் சந்தேகமே எழாது. மூடியைக் கழற்றி, 'டிக்' என்ற சத்தம் கேட்கும்வரை செருகுங்கள். கேபிளைக் கூர்மையாக மடிக்காதீர்கள். 5 மீட்டருக்கு மேல் போகாதீர்கள். கேபிள் சரியாக இருந்தும் அறுந்தால், டிவி அனுப்பும் கடிகாரத் துடிப்பு (எண்கள் வரும் வேகத்தைக் காட்டும் தாளம்) நடுங்குகிறது. டேக்கின் மெனுவில் 'டிபிஎல்எல்' (அந்தத் துடிப்பைப் பின்தொடரும் அமைப்பு) என்ற வரி இருந்தால் ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். அறுபடுவது நிற்கும் முதல் படியிலேயே விட்டுவிடுங்கள். தேவைக்கு மேல் கூட்டினால் அந்த நடுக்கத்தை டேக் பாட்டுக்குள் விட்டுவிடும்.

கேள்வி: ஃபில்டர் என்று ஏழு பெயர்கள் இருக்கின்றன. எது நல்லது?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: 'லீனியர் ஃபேஸ், ஃபாஸ்ட்'. அதில் வைத்துவிட்டுப் பாட்டைக் கேளுங்கள்.

காரணம் வேண்டுமென்றால்: 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில், அதில் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எந்த ஒலியும் இருக்க முடியாது. மாற்றும்போது அதற்கு மேலே முளைக்கும் பிம்ப அலைகளை (பாட்டில் இல்லாத போலி அலைகளை) வெட்டுவதே ஃபில்டரின் வேலை. 'ஃபாஸ்ட்' 20 கிலோஹெர்ட்ஸ் வரை தொடாமல் விட்டு, அதன்பின் செங்குத்தாக வெட்டும். 'ஸ்லோ' அதற்கு முன்பே சரியத் தொடங்கும். உச்ச ஒலிகள் சற்று மங்கும். செங்குத்தாக வெட்டினால் ஒரு தட்டலுக்கு முன்னும் பின்னும் நுண்ணிய அதிர்வு ஒட்டும். 'மினிமம் ஃபேஸ்' முன்னால் வருவதைப் பின்னால் தள்ளுகிறது.

கேட்டுப் பார்க்க விரும்பினால் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வலந்தலையில் சாப்பு விழும் கணத்தை மட்டும், வால்யூமைத் தொடாமல், இரண்டு ஃபில்டரிலும் மாறி மாறிக் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்கள் காதில் குறையில்லை. அது அவ்வளவு சிறியது. 1960களின் திரைப்பாடல்களில் இந்தச் சோதனையே வேண்டாம். அந்த உயரத்து ஒலி அந்தப் பதிவுகளில் அநேகமாக இல்லை.

கேள்வி: டிஎஸ்டி கோப்பைப் போட்டால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும் வருகிறது. மற்ற பாட்டெல்லாம் சரி.
– வாசகர், கெப்போங்

பதில்: மென்பொருளின் வால்யூம் 100இல் இல்லை, அல்லது அதில் ஈக்குவலைசர் ஓடுகிறது. டிஎஸ்டி என்பது ஒரே ஒரு பிட்டில் மிக வேகமாகப் பதியும் முறை. டிஓபி முறையில் அந்தத் தரவு, பிசிஎம் உறைக்குள் ஒளிந்து வருகிறது. 24 பிட்டில் 8 பிட் அடையாளக் குறி, 16 பிட் பாட்டு. வழியில் யாராவது அந்த எண்ணைத் தொட்டால் குறி அழியும். டேக் அதைச் சாதாரண ஒலியென்று நினைத்து இரைச்சலாக வாசிக்கும். இரண்டையும் சரிசெய்யுங்கள். அத்துடன், 2.8224 மெகாஹெர்ட்ஸ் டிஎஸ்டிக்கே 176.4 கிலோஹெர்ட்ஸ் வழி வேண்டும். 96க்கு மேல் ஏற்காத ஆப்டிகல் வழியில் அது போகாது, யுஎஸ்பிக்கு மாறுங்கள்.

கேள்வி: மெனுவில் 'கிளாக்: இன்டர்னல் / எக்ஸ்டர்னல்' என்று இருக்கிறது. எக்ஸ்டர்னல் போட்டால் ஒலியே நின்றுவிடுகிறது.
– வாசகர், செராஸ்

பதில்: பின்பக்கத்தில் தனிக் கடிகாரக் கருவியை இணைத்தவர்களுக்கான வரி அது. உங்களிடம் அது இல்லை, இன்டர்னலில் வையுங்கள். வாங்கவும் வேண்டாம். இன்றைய டேக்குகளின் யுஎஸ்பி வழியில் வேகத்தைத் தீர்மானிப்பது டேக்கின் உள்ளே இருக்கும் கடிகாரமே.

கேள்வி: ஜப்பானிலிருந்து பழைய டேக் ஒன்றை வாங்கினேன். பின்னால் 100 வோல்ட் என்று இருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா? இடிமின்னலுக்கு என்ன செய்வது?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

பதில்: போதாது. மலேசியாவில் நம் வீட்டில் வருவது 230 வோல்ட். பிளக் மாற்றிப் போட்டால் அன்றே டேக்கின் கதை முடிந்துவிடும். 100 வோல்ட் தரும் இறக்கு மின்மாற்றி வாங்குங்கள். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 110 வோல்ட் தருவது. அது 10 சதவீதம் அதிகம். உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். '100' என்று எழுதியதையே கேட்டு வாங்குங்கள். டேக் 30, 40 வாட் இழுத்தாலும் 100 வாட் மின்மாற்றி எடுங்கள். மூன்றாவது கால், அதாவது எர்த், வெளியே வரும் சாக்கெட் வரை உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் 3 ஆம்பியர் போடுங்கள்.

மின்னலுக்குச் சுவிட்சை அணைப்பது போதாது. வானம் இருட்டினால் பிளக்கைக் கழற்றுங்கள். கரண்டு வழியாக மட்டும் மின்னல் வருவதில்லை. கூரையில் இருக்கும் ஆஸ்ட்ரோ (செயற்கைக்கோள் டிவி) டிஷ்ஷின் வயர் டிவிக்கு வருகிறது; டிவியிலிருந்து செம்புக் கேபிள் டேக்குக்குப் போனால் அதுவும் ஒரு பாதை. ஆம்பில் 'ம்ம்' என்ற ஓயாத இரைச்சல் வருவதும் பல வீடுகளில் இதே பாதையால்தான், எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவதால். டிவிக்கும் டேக்குக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போட்டால் செம்புத் தொடர்பு அறுந்துபோகும். அந்த வழியில் வந்த இரைச்சலும் நிற்கும்.