வால் முளைத்த கெக்கோ முட்டையிடலாமா?

கேள்வி: எங்கள் ஆப்பிரிக்க ஃபேட்டெயில் கெக்கோ (கொழுத்த வால் கொண்ட வளர்ப்புப் பல்லி) பெட்டைக்குப் போன வருடம் வால் அறுந்தது. இப்போது முள்ளங்கி போலக் கட்டையாக முளைத்திருக்கிறது. ஆணோடு சேர்க்கலாமா? குஞ்சுகளுக்கும் இதே வால்தான் வருமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: குஞ்சுகள் முழு வாலோடுதான் பொரியும். அறுந்தது உடம்பில் நேர்ந்த காயம், மரபில் ஏறாது. புது வாலுக்குள் எலும்புக் கண்ணிகள் கிடையாது, ஒரே குருத்தெலும்புத் தண்டுதான். அதனால்தான் வடிவம் மாறுகிறது.

பார்க்க வேண்டியது கொழுப்பை. இந்த இனத்துக்கு வால்தான் சேமிப்பு. ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை வீதம், சில வார இடைவெளியில் பல ஈடு போடும். அந்த நாள்களில் தீனி குறைந்தால் வால் கரையும். ஒரு வயது தாண்டி, எடை 50 கிராமாவது இருந்து, வாலின் நடுப்பகுதி கழுத்தளவு பருத்திருந்தால் சேர்க்கலாம். சின்ன டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை நிறுங்கள். ஆணைப் பிரித்த பிறகும், உள்ளே சேமித்த விந்தை வைத்து பெட்டை அடுத்த ஈட்டைப் போடும். ஆகவே மெலியும்வரை காத்திருந்து பிரித்துப் பயனில்லை.

ஆண் இணையும்போது கழுத்தையும் வாலையும் கடிக்கும். ஓரிரு நாள் விட்டு, கண்காணித்து, பிரித்துவிடுங்கள். மறுபடி அறுந்தால், மிஞ்சியிருக்கும் பழைய அடிக்கட்டையில், உடலை ஒட்டியே முறியும்.

கால்சியத்துக்கு உங்கள் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடே போதும். நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து உப்பைப் போக்கி, காயவைத்துப் பொடித்துப் பூச்சிகள்மீது தூவுங்கள். அதில் டி3 வைட்டமின் இல்லை. அதைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். கடல் மணலை மட்டும் கூண்டில் பரப்பாதீர்கள். விழுங்கினால் குடல் அடைக்கும்.

கேள்வி: வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்) வைத்த கெக்கோ முட்டைகள் ஒரே வாரத்தில் சுருங்கிவிட்டன. ஈரம் குறையவில்லை. ஏன்?
- வாசகர், தேவிபட்டினம்

பதில்: போர் தண்ணீர் ஊற்றினீர்களா? உப்புத் தண்ணீர் முட்டையிலிருந்து ஈரத்தை இழுக்கும். மழைநீரோ கேன் தண்ணீரோ எடுத்து, வெர்மிகுலைட்டும் நீரும் சம எடையாகக் கலந்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் வையுங்கள். மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டு, புரட்டாமல் பாதி புதையுங்கள். முட்டை இருக்கும் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெட்டையா என்பது அமையும்: 28, 29 டிகிரியில் பெரும்பாலும் பெட்டை, 32-ல் பெரும்பாலும் ஆண். கோடையில் உங்கள் ஊர் அறைச் சூடே 34-ஐத் தாண்டும். அதில் கரு சாகும். தெர்மாகோல் பெட்டிக்குள் தண்ணீர் பாட்டில்கள் வைத்தால் ஏற்ற இறக்கம் அடங்கும். ஆனாலும் கடும் வெயில் மாதங்களில் முட்டையிட வைக்காமல் இருப்பதே நல்லது. ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள்: சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு உண்டு. ஒரே மஞ்சளாக இருந்தால் கூமுட்டை.