20 வருஷக் கடன், இன்னும் 23 வருஷமா?

கேள்வி: 2021-இல் வீடு கட்ட வங்கியில் 20 லட்சம் கடன் வாங்கினோம். அப்போது வட்டி 7 சதவீதம். 20 வருஷத்துக்கு மாதம் 15,506 ரூபாய். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. போன வாரம் ஸ்டேட்மெண்ட் வாங்கிப் பார்த்தால் பாக்கி 19 லட்சத்து 20 ஆயிரம், முடிய இன்னும் 23 வருஷம் என்று இருக்கிறது. கணவருக்கு 42 வயது, அரசுப் பள்ளியில் இளநிலை உதவியாளர். சம்பா அறுத்துச் செலவு போகக் கையில் 1,60,000 ரூபாய் நிற்கிறது. மொத்தத்தையும் வீட்டுக் கடனில் கட்டச் சொல்கிறார் கொழுந்தனார். நடவுக்காக 80,000 ரூபாய்க்கு அடகு வைத்த சங்கிலியை மீட்கச் சொல்கிறார் மாமியார். அதற்கு ரெண்டு வட்டி. மாமனாரோ வீட்டுக் கடனுக்கு மேலேயே கூடுதலாகக் கிடைக்கும் டாப்-அப் கடன் வாங்கி மாடி எடுக்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: மாமியார் சொல்வதைக் கேளுங்கள். அவர் சங்கிலிக்காகச் சொல்கிறார், நான் வட்டிக்காகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 23 வருஷக் கதை. வங்கியில் யாரும் தப்புக் கணக்கு எழுதவில்லை. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியோடு, கட்டப்பட்டவை. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. உங்கள் 7 சதவீதம் 9.5 ஆகியிருக்கும். தவணையை மட்டும் ஏற்றாமல் காலத்தை நீட்டிவிட்டார்கள். அந்த நாட்களில் ஒரு மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 15,300 ரூபாய். நீங்கள் கட்டியது 15,506. அசலுக்குப் போனது 200 ரூபாய் சொச்சம்! இப்படியே இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. 2025-இல் ரெப்போ 1.25 சதவீதம் குறைந்ததால் இப்போது 8.25-க்கு வந்திருக்க வேண்டும். ஸ்டேட்மெண்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். அதைவிட அதிகமாக இருந்தால் ஏன் என்று கிளையில் கேளுங்கள்.

வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவா, காலத்தை நீட்டவா என்று கடன் வாங்கியவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என 2023 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. உங்களுக்கும் ஏதாவது எஸ்.எம்.எஸ். வந்திருக்கும். கேஸ் சிலிண்டர் மெசேஜ்களுக்கு நடுவில் அதை யார் படிக்கிறார்கள்?

இப்போது கையிலிருக்கும் பணம். ரெண்டு வட்டி என்று சொல்லும்போது சின்னதாகத்தான் கேட்கிறது. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். உங்கள் 80,000 ரூபாய்க்கு மாதம் 1,600, வருஷம் 19,200. அதே 80,000 ரூபாயை வீட்டுக் கடனில் கட்டினால் வருஷத்துக்கு மிச்சமாகும் வட்டி 6,600 தான். 20 லட்சம் என்றதும் பயம் வருகிறது, 80 ஆயிரம்தானே என்றதும் அசட்டை வருகிறது. கடனின் தொகையைப் பார்க்காதீர்கள், வட்டி விகிதத்தைப் பாருங்கள். உங்களிடம் இருப்பதிலேயே மலிவான கடன் வீட்டுக் கடன்தான். சங்கிலியை இந்த வாரமே மீட்டுவிடுங்கள்.

அடுத்த நடவுக்கு அடகுக் கடைப் பக்கம் போகவும் வேண்டாம். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் சிட்டா, அடங்கலோடு கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடன் கேட்கட்டும். கெடுவுக்குள் திருப்பிக் கட்டினால் வட்டியே இல்லை.

மிச்சம் 80,000. இதில் 45,000 ரூபாயை, அதாவது ஏறக்குறைய மூன்று தவணைக்கானதை, தனியாக ஒரு கணக்கில் போட்டு வையுங்கள். விதைநெல் மாதிரி அது. சம்பளம் மாதாமாதம் வரும், சரி. ஆனால் வயலை நம்பிப் போட்ட கணக்கு தண்ணீரை நம்பியது. 2024-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். அந்த வருஷம் குறுவை என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பாக்கி 35,000 ரூபாயை வீட்டுக் கடனில் கட்டுங்கள். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. அதைவிட முக்கியம், தவணையை 1,600 ரூபாய் கூட்டி 17,106 ஆக்கச் சொல்லுங்கள். புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேட வேண்டாம், இத்தனை நாள் அடகுக் கடைக்குப் போன அதே 1,600 தான். வட்டி இப்படியே 8.25-இல் நின்றால் 23 வருஷம் 17 வருஷம் 3 மாதமாகச் சுருங்கும். முன்பு கடன் முடியும்போது கணவருக்கு 65 வயது. இப்போது 60-ஐ ஒட்டி முடிந்துவிடும். வருஷா வருஷம் அகவிலைப்படி ஏறும்போது இன்னும் 500 ரூபாய் கூட்டினால் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படி ஒரு தொகையைக் கட்டிவிட்டு, ஒன்றும் எழுதிக் கொடுக்காமல் வந்தேன். அடுத்த மாதம் பார்த்தால் தவணையைக் குறைத்து, காலத்தை அப்படியே விட்டிருந்தார்கள். மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சியது. அது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அதனால் ‘காலத்தைக் குறைக்கவும்’ என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வரிச் சலுகை போய்விடுமே என்று யாராவது சொல்வார்கள். கணவர் புதிய வருமான வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் சொந்த வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே இல்லை. போக எதுவும் இல்லை.

மாமனார் விஷயம்தான் சங்கடம். 9 சதவீதத்துக்கு 5 லட்சம் டாப்-அப் வாங்கினால் வட்டி மட்டும் மாதம் 3,750. உங்கள் தெருவில் மாடி வாடகை அதைத் தொடுமா என்று அவரையே விசாரித்துவரச் சொல்லுங்கள். நீங்கள் மறுத்துச் சொல்வதைவிட அது நல்லது. பில்லர் கம்பி மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருந்தால், மழைக்கு முன்னால் சிமெண்ட் பால் பூசி, சாக்கைச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். மாடி எப்போது எழும்பினாலும் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கட்டும்.