வலிப்பு நோயுள்ள குழந்தைகள் மருந்தைத் தவறவிடுவது பெற்றோரின் அக்கறையின்மையாலா?

பெற்றோருக்கு அக்கறை இல்லாததால்தான் வலிப்பு நோயுள்ள குழந்தைகள் மருந்தைத் தவறவிடுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளாக என் மகளுக்குக் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மருந்து கொடுத்து வரும் தாயாக, பெரும்பாலும் அப்படி இல்லை என்றே சொல்வேன்.

அவளுக்கு ஏழு வயதானபோது வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தின் சிரப்பை நிறுத்திவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் மீண்டும் வலிப்பு வந்தது. ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று நான் உறுதியாகச் சொன்னதால், மருத்துவர் அளவைக் கூட்டினார். பிறகு ஒரு நாள் ஜன்னலோரத்துக் கற்பூரவல்லித் தொட்டியில் மண்ணைக் கிளறியபோது, பாதி ஊறிக் கரைந்த மாத்திரைகள் நான்கு கிடைத்தன. விழுங்க முடியாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, நான் அடுப்பங்கரைக்குத் திரும்பியதும் துப்பியிருக்கிறாள். கேட்டதற்கு, "தொண்டையில நிக்குதும்மா, சொன்னா திட்டுவ" என்றாள்.

இன்னொரு காரணம் நோயை மறைத்து வைப்பது. உறவினர் திருமணத்துக்குப் போயிருந்தபோது, "பெண் பிள்ளை, நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள்?" என்று என் மாமியார் தடுத்ததால், மருந்து பைக்குள்ளேயே இருந்து இரவு வேளை தவறியது. வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன வாசகம் இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து 1999-இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பதை நான் அவரிடம் பின்னர்தான் சொன்னேன்.

காய்ச்சல் மருந்தை நிறுத்தினால் காய்ச்சல் திரும்புவது கண்ணுக்குத் தெரியும்; வலிப்பு மருந்தில் ஒரு வேளை விட்டால் அன்றைக்குப் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை என்பதால், மாதக்கணக்கில் நன்றாக ஓடி விளையாடும் பிள்ளைக்கு இன்னும் எதற்கு மாத்திரை என்று மனம் தளர்ந்துவிடுகிறது. பொதுவாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வலிப்பே வராமல் இருந்த பிறகுதான் மருந்தைக் குறைப்பதைப் பற்றி மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். வலிப்பு மருந்துகளில் லெவெடிராசிட்டம் சில குழந்தைகளை எரிச்சல்படுத்தும், பீனோபார்பிட்டோன் தூக்கத்தைக் கொடுக்கும்; அதைப் பார்த்துப் பயந்து தாமாகவே பாதியாகக் குறைத்துவிடும் தாய்மார்களை நான் மருத்துவமனை வரிசையில் சந்தித்திருக்கிறேன். மாதந்தோறும் அந்த வரிசையில் நிற்பதற்கு ஒரு நாள் கூலியை இழப்பவர்களும் அவர்கள்தாம்.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக வலிப்பு கண்டறியப்பட்ட 124 குழந்தைகளின் மருந்துப் புட்டிகளில், திறக்கும் நேரத்தைப் பதிவு செய்யும் மூடிகளைப் பொருத்தினார்கள். முதல் ஆறு மாதங்களில் 58 சதவீதத்தினர் மருந்தைச் சரியாக எடுக்கவில்லை. அதனோடு தொடர்புடையதாகத் தெரிந்த ஒரே காரணி குடும்பத்தின் பொருளாதார, சமூக நிலை. அக்கறையைக் குறை சொல்வதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

தொட்டியில் கிடைத்த மாத்திரைகளை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். அவர் என்னையும் கடிந்துகொள்ளவில்லை, மகளையும் கடிந்துகொள்ளவில்லை; கூட்டிய அளவைக் குறைத்து, மறுபடியும் சிரப்பாகவே எழுதிக் கொடுத்தார். அந்தப் பழைய அளவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.