வாசகர் கேள்வி: வேவு

கேள்வி: ‘வேவு பார்த்தல்’ என்பதில் உள்ள ‘வேவு’ தமிழ்ச் சொல்தானா?

பதில்: ஐயமின்றித் தமிழ்ச் சொல்லே. ஒற்றறிதலைக் குறிக்கும் ‘வேய்’ என்னும் பழஞ்சொல்லோடு அது உறவுடையது. பகைவரின் ஆநிரையைக் கவரும் வெட்சித் திணையை விளக்கும் தொல்காப்பியம், ‘புடைகெடப் போகிய செலவே, புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’ என்று இரண்டு துறைகளை அடுத்தடுத்து வைக்கிறது. பக்கத்தில் இருப்போர் அறியாதபடி மறைந்து செல்வது முதலாவது. அவ்வாறு சென்றோர் ஒற்றி அறிந்து சொல்லும் செய்தி இரண்டாவது. ஓசைப்படாத நடையையும் அதனால் கிடைக்கும் அறிவையும் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்டிருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. மூங்கிலைக் குறிக்கும் ‘வேய்’ வேறு சொல். இரண்டையும் இணைத்துப் பொருள் காண்பது பொருந்தாது. ‘வேவுகாரர்’ என்பதும் இவ்வழி வந்ததே.