முதுகு டிஸ்க் எப்படி ஒளிர்கிறது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பினாங்கில் திசு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கைச் சாயம் எதுவும் ஏற்றாமலே ஒளியால் பார்க்கலாம் என்று சொன்னதும் நிறையப் பேர் கேள்வி அனுப்பிவிட்டீர்கள்.

பட்டர்வொர்த்: அக்கா, இருட்டில் வைத்தால் டிஸ்க் மின்னுமா?

தானாக மின்னாது தம்பி. ஒரு நிறத்து ஒளியைப் பாய்ச்சினால் வேறு நிறத்தில் திருப்பித் தரும். 50 வெள்ளி நோட்டை ஊதா விளக்கில் காட்டினால் மறைந்திருக்கும் குறிகள் தெரியுமே, அந்த மாதிரி. டிஸ்க்கில் இந்த வேலையை அதிகம் செய்வது கொலாஜன் என்ற நார்ப் புரதம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு நீல ஒளியாக வெளியே விடும்.

பிரிக்பீல்ட்ஸ், பிசியோதெரபி மாணவி: அதில் என்ன தெரியும்?

நிறையவே தெரியும். டிஸ்க்கின் வெளிவளையம் 15 முதல் 25 அடுக்குகளால் ஆனது. ஓர் அடுக்கின் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் எதிர்ப்பக்கம் சாயும். மெல்லிய சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இந்த அடுக்குகள் கோடு கோடாக எழுந்து வரும். கிழிசல் இருந்தால் அங்கே கோடு அறுந்து கறுப்பாகக் கிடக்கும். நடுவில் இருக்கும் கூழ்ப்பகுதியில் தண்ணீர் அதிகம், நார் குறைவு. அதனால் மங்கலாகத்தான் தெரியும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வயதின் தடம்தான். பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிட்டத்தட்ட இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து சத்து மெல்லக் கசிந்து வர வேண்டும். அங்குள்ள கொலாஜன் லேசில் மாறாது, பல்லாண்டு அப்படியே இருக்கும். அத்தனை காலமும் உடம்பிலுள்ள சர்க்கரை அதில் ஒட்டி, நார்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அப்படி உருவாகும் பென்டோசிடின் போன்ற சில பிணைப்புகளும் ஒளிரும். சிறுவயதில் வெண்மையாக இருக்கும் டிஸ்க் முதுமையில் பழுப்பேறுவதும், ஒளி கூடுவதும் இதனால்தான்.

பாயான் லெப்பாஸ்: அப்பாவுக்கு இனிப்புநீர். டிஸ்க் சீக்கிரம் கெடுமா?

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அந்தப் பிணைப்புகள் சேரும் வேகமும் கூடும், நார் விறைக்கும். ஆனால் அப்பாவின் முதுகுவலிக்கு அதுதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கண்ணும் சிறுநீரகமுமே போதுமான காரணம்.

செந்தூல்: ஒரு கடையில் கையை விளக்குப் பெட்டியில் வைக்கச் சொல்லி டிஸ்க்கின் வயதைச் சொல்கிறார்கள். நம்பலாமா?

வேண்டாம். தயவுசெய்து அதற்குக் காசு கொடுக்காதீர்கள். தோலின் ஒளிர்வை அளக்கும் கருவி உண்மையிலேயே உண்டு, ஆனால் அது அளப்பது தோலை மட்டும். புற ஊதா ஒளி ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. டிஸ்க்கோ தோல், கொழுப்பு, தசை, எலும்பு எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கிறது. நாங்கள் பார்ப்பதெல்லாம் அறுவை சிகிச்சையில் எடுத்த துண்டு, இல்லையென்றால் மாட்டு வால் டிஸ்க். உயிருள்ளவரின் டிஸ்க்கைப் பார்க்க எம்ஆர்ஐ இருக்கிறது. டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை 2001-இல் வந்த ஃபிர்மான் முறைப்படி அதில் 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ எந்த விளக்கையும் தேடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கெலுகோர், முதுகலை மாணவர்: என் சீவல் முழுக்கப் பச்சையாக ஒளிர்கிறது. எது டிஸ்க், எது குப்பை என்றே புரியவில்லை.

திசு கெடாமல் இருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் ஊற வைத்தீர்களா? ஃபார்மலினே திசுவை ஒளிர வைக்கும். இயற்கை ஒளிர்வுதான் வேண்டுமென்றால் புதுத் துண்டை அப்படியே உறைய வைத்துச் சீவுங்கள். சாயம் ஏற்றிப் பார்ப்பதாக இருந்தால், சாயமே படாத சீவல் ஒன்றையும் அதே அமைப்பில் படமெடுத்து ஒப்பிடுங்கள். சாயத்தையும் 647 நானோமீட்டர் அலைநீளம் போலச் சிவப்புப் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள், அங்கே திசுவின் சொந்த ஒளி குறைவு. அப்புறம், ஒரே இடத்தில் லேசரை நிறுத்தி வைத்தால் அங்கே ஒளிர்வு மங்கிவிடும். முதலில் எடுக்கும் படத்தையே அளப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.