கட்சிக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க ஓர் அரசியல்வாதியால் முடியுமா?

சாதாரண உறுப்பினராக இருக்கும்வரை முடியும். சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் முடியாது. சோம்நாத் சட்டர்ஜியின் வாழ்க்கையைப் பார்த்தே இப்படிச் சொல்கிறேன்.

10 முறை மக்களவைக்குத் தேர்வானவர். 1984-ல் ஜாதவ்பூரில் மம்தா பானர்ஜியிடம் தோற்றார். அடுத்த ஆண்டே போல்பூர் இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்தார். 1989 முதல் 2004 வரை மக்களவையில் மார்க்சிஸ்ட் கட்சிக் குழுவின் தலைவர். கட்சியின் குரலாகப் பேசிக்கொண்டே 1996-ல் சிறந்த நாடாளுமன்றவாதி விருதையும் வாங்கினார். அதுவரை இரண்டும் ஒத்துப்போயின.

2004-ல் போட்டியின்றிச் சபாநாயகர் ஆனார். 2008 ஜூலையில், அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசுக்குக் கொடுத்துவந்த ஆதரவை விலக்கினார்கள். குடியரசுத் தலைவரிடம் கொடுத்த எம்.பி.க்கள் பட்டியலில் சபாநாயகர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். என்னால் இன்றும் ஏற்க முடியாதது அதுதான். சபாநாயகர் எந்தப் பக்கமும் வாக்களிப்பவர் இல்லை. இரு பக்கமும் சமமாக வந்தால் மட்டுமே அவருக்கு வாக்கு. அவரை எந்தக் கணக்கில் சேர்த்தார்கள்?

பதவி விலகச் சொன்னார்கள், மறுத்தார். ஜூலை 22 அன்று அரசின்மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. டிவியை விட்டு நான் நகரவேயில்லை. அத்தனை கூச்சலுக்கு நடுவில் அவையை நடத்தி, 275-க்கு 256 என்று அரசு வென்றதை அவரே அறிவித்தார். மறுநாள் கட்சி அவரை நீக்கியது.

அவர் செய்தது சரி என்பதே என் கருத்து. ஆனாலும் 2004-லேயே இதைத் தீர்த்திருக்கலாம். 1967-ல் சபாநாயகரான சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகினார். சபாநாயகராகிறவர் கட்சியை விட்டு விலகினால் எம்.பி. பதவி போகாது என்று கட்சித் தாவல் தடைச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. சோம்நாத் அந்த வழியில் போகவில்லை. கட்சிமேல் இருந்த பாசம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2018 ஆகஸ்டில் இறந்தார். உடல்மீது செங்கொடி போர்த்தக் கட்சிக்காரர்கள் கேட்டபோது குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. உயர்நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் கொண்டுபோனார்கள். கட்சி அலுவலகத்துக்குக் கொண்டுபோகவில்லை.